"வெறும் கல்லுதான் டாக்டர்"

காலையில் கண் விழித்ததும் கடல்காரர் தேடுவது மனைவியை அல்ல, வெப்பமானியை. கூடத்தில் இரண்டும் உள்ளறையில் ஒன்றுமாக மூன்று பெரிய கண்ணாடித் தொட்டிகள் அவர் வீட்டில் இருந்தன. மூன்றையும் குழாயால் இணைத்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த அடித்தொட்டி ஒன்றில் கொண்டுவந்து விட்டிருந்தார். உப்பைக் கரைத்து வீட்டிலேயே கடல்நீர் தயாரித்தார். அதன் சூடு அரை டிகிரி ஏறினாலும் கைப்பேசி அலறும். நீல விளக்கின் அடியில் பவளங்கள் விரிந்திருக்க, அவற்றின் இடுக்குகளில் மீன்கள் ராஜ மரியாதையோடு உலவின. பிழைப்புக்கு அவர் ஒரு வங்கியின் மேனேஜர். தெருவில் யாருக்கும் அது நினைவில்லை, எல்லோருக்கும் அவர் கடல்காரர்தான்.

உள்ளறை முன்பு அவருடைய அக்காவின் அறையாக இருந்தது. கணவன் இறந்தபிறகு ஒரே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். மூன்றாவது தொட்டி வந்த அன்று, அவளுடைய கட்டிலும் பெட்டியும் சமையலறைக்குப் பின்னால், அடித்தொட்டியும் பம்புகளும் இருந்த இடத்துக்குப் போயின.

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா" என்றார் கடல்காரர்.

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பம்புகளின் உறுமலுக்குப் பக்கத்தில் படுத்துப் படுத்து, அக்காவுக்குக் காது பாதி மந்தமாகிவிட்டது. அங்கிருந்த ஒரே ஜன்னலையும், வெளிக்காற்று பட்டால் தண்ணீர் சூடாகிவிடும் என்று பசைநாடா ஒட்டி அடைத்திருந்தார். மனிதருக்குக் காற்று வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதைவிட அரை டிகிரி முக்கியமாகப் பட்டது.

அக்காவுக்கு வாய் மட்டும் அடங்காது. மீன்களுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளைங்க.

"என்னடா, மாப்பிள்ளைங்களுக்குச் சாப்பாடு ஆச்சா? அவங்க சாப்பிடாம நமக்கு எப்படித் தொண்டைல இறங்கும்?" என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டே உப்புத் தண்ணீர் வாளியைத் தூக்குவாள், கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பாள், தொட்டியின் அழுக்கெல்லாம் நுரையாக வந்து சேர்ந்து குடலைப் புரட்டும் நாற்றமடிக்கும் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பாள். சம்பளமும் கேட்காமல் முகமும் சுளிக்காமல் உழைக்கும் ஆள் கிடைத்தால் கசக்குமா? கடல்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

தொட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் அவர் முழங்கைவரை கையுறை மாட்டுவார். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி எல்லாம் உண்டு.

"எதுக்குடா இந்த வேஷம்?" என்று ஒருமுறை அக்கா கேட்டாள்.

"நம்ம கை அழுக்கு பவளத்துக்கு ஆகாதுக்கா. நம்ம மூச்சும் ஆகாது."

அது பச்சைப் பொய். பொத்தான் பொத்தானாக விரிகிற ஒரு வகைப் பவளம் அவருடைய தொட்டியில் இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு, உள்ளே அவ்வளவு நஞ்சு. அதை வாங்கியபோதே பவளம் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் அவரை எச்சரித்திருந்தார். "வெறுங்கையால தொடாதீங்க. மறந்தும் வெந்நீர் காட்டிடாதீங்க. ஆவி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா ஆளே காலி" என்று அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருந்தார் கடல்காரர். வீட்டில்தான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்றாவது தொட்டி வந்தபோது, "இதுல விஷம் கிஷம் எதுவும் இல்லையே?" என்று கேட்ட மனைவியிடம், இல்லவே இல்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அக்காவிடம் சொன்னால் அது மனைவியின் காதுக்குப் போகும். போனால் தொட்டி வாசலுக்குப் போகும். அவருடைய பயமெல்லாம் அதுதான்.

சங்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை தொட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். அந்தப் பொத்தான் பவளமோ சில கற்களின் மேல் தாறுமாறாகப் படர்ந்து, பக்கத்திலிருந்த விலை உயர்ந்த பவளங்களை அமுக்கிக்கொண்டிருந்தது. கடல்காரர் முழு வேஷத்தோடு அந்தக் கற்களை வெளியே எடுத்து வாளியில் போட்டு, அக்காவின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தார். பிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டு வங்கிக்குக் கிளம்பினார்.

"அக்கா, வாளியில இருக்கற கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தேய்ச்சு வெச்சிடு. பளிச்சுனு இருக்கணும்."

"உன் மாப்பிள்ளைங்க வீட்டுக் கல்லாச்சே, பளிங்கு மாதிரி ஆக்கிடறேன் போ."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சொல்லத்தான் வந்தாரோ என்று நினைக்க வேண்டாம். தண்ணீரின் உப்பை இன்னொரு தரம் சோதிக்க வந்தார். சோதித்து, திருப்தியாகித் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா வேலையைத் தொடங்கும்முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவினாள். தன் கை அழுக்கு கல்லில் ஒட்டி, தொட்டியிலிருக்கும் பவளத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். பிரஷ்ஷால் தேய்த்தாள், கத்தியால் சுரண்டினாள். கல்லின் மேல் படர்ந்தது வழவழவென்று அப்பியிருந்தது, வருவேனா என்றது. அடிப்பிடித்த பாத்திரத்துக்கு அவள் என்ன செய்வாளோ அதையே இதற்கும் செய்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றி, மேலே குனிந்து தேய்த்தாள். அடைத்த ஜன்னலும் குறுகிய இடமுமாக இருந்ததால் ஆவி அங்கேயே நின்றது. பழைய இரும்புச் சாவியை வாயில் வைத்ததுபோல் நாக்கு கசந்தது. இருமினாள். இருமிக்கொண்டே கடைசிக் கல்வரை தேய்த்து முடித்தாள்.

மதியத்துக்குள் உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு வாங்கியது. கடல்காரரின் மனைவி அவளைத் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கணவருக்குப் போன் செய்தாள். அவர் வந்து சேர்ந்தபோது, பெண் டாக்டர் ஒருவர் அக்காவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஆசிட், பூச்சி மருந்து இந்த மாதிரி எதையாவது தொட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். காலையில இருந்து மீன்தொட்டிக் கல்லைத்தான் தேய்ச்சிட்டு இருந்தாங்க" என்றாள் மனைவி.

டாக்டர் கடல்காரரைப் பார்த்தார். "என்ன கல்லுங்க அது? அதுல ஏதாவது இருக்குமா?"

மனைவியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல்காரர் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வெறும் கல்லுதான் டாக்டர். அக்காவுக்கு எப்பவுமே சளித் தொந்தரவு உண்டு."

டாக்டர் அதை நம்பி, நெஞ்சுச் சளிக்கு மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். மனைவி மருந்து வாங்கப் போனதும், கடல்காரர் அக்காவின் காதருகே குனிந்தார்.

"வெந்நீர் ஊத்தினியா?"

அக்கா மெல்லத் தலையசைத்தாள்.

"உன்னை யாருக்கா ஊத்தச் சொன்னா? தேய்னு சொன்னா தேய்க்கணும். உன் இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சு வெச்சா நான் என்ன பண்றது?"

மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள், "தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்று தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டார். பாவி!

அக்காவுக்கு மாற்றுத்துணி எடுத்துவரப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். வீட்டில் முதலில் தொட்டிகளைப் பார்த்தார். மீன்கள் சுகமாக இருந்தன. அப்பாடா என்றிருந்தது. பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், ஆவியின் நெடி இன்னும் போகாத அந்த இடத்திலிருந்த வாளித் தண்ணீரைக் கழிவுக்குழியில் கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கத்துச் செயலாளரின் போன் வந்தது. பேசுவதற்காக முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் ரெடிங்களா?"

"ஜோரா வாங்க சார். இப்ப இருக்கற நிறத்தை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க."

பேச்சு சுவாரசியத்தில் முகமூடி மறந்தே போனது. போனை வைத்தபோது நாக்கு கசந்தது. எச்சிலைத் துப்பினார். மறுபடியும் கசந்தது. மாற்றுத்துணியை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் பறந்தார்.

"டாக்டர், என்னைக் காப்பாத்துங்க! விஷப் பவளம் டாக்டர். அதுமேல வெந்நீர் பட்டிருக்கு. அந்த ஆவி எனக்கும் போயிடுச்சு. மூச்சுல ஏறினா நுரையீரல் வீங்கும், இதயம் தடுமாறும்..." என்று அந்த நஞ்சின் பெயர்முதல் சகலத்தையும் கடகடவென்று ஒப்பித்தார். பள்ளிப் பிள்ளைகூட அவ்வளவு சுத்தமாக ஒப்பிக்காது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, அக்காவை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார். பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

கடல்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா மூச்சு முட்டிக் கிடந்தப்ப அது வெறும் கல்லு. உங்க நாக்கு கசந்ததும் விஷமா மாறிடுச்சா? முதல்லயே சொல்லியிருந்தா, இவ்வளவு நேரம் வேற வியாதிக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்திருக்க மாட்டோமே!"

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

மருந்துப் பையோடு பின்னால் நின்றிருந்த மனைவியின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் அவரைத் திட்டவில்லை. அவரைத் தாண்டி, அக்காவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவர்களோடு நடந்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அக்கா பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். ஆனால் நுரையீரல் வெந்த இலைபோல் சுருங்கிப்போயிருந்தது. இனி அவள் எங்கே போனாலும் ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே போகவேண்டும். நாலு அடி நடந்தால் உட்கார வேண்டும்.

மனைவி சொல்லித்தான் என்றாலும், கடல்காரர் தொட்டிகள் அத்தனையையும் சங்கத்துக்கே கொடுத்து வீட்டைக் காலி செய்தார். அக்காவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

"என்னை மன்னிச்சிடுக்கா. உன் ரூமை காலி பண்ணிட்டேன். ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சிருக்கேன். உனக்குத் தெரிஞ்சா மாட்டேன்னு சொல்லிடுவியோ, வீட்ல பிரச்சினை ஆயிடுமோன்னுதான் மறைச்சேன்."

அக்கா ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு இழுத்தாள்.

"நான் எப்படா உனக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கேன்? உன் வீட்ல அண்டிக் கிடக்கறவ. விஷம்னு சொல்லியிருந்தாலும் செஞ்சிருப்பேன். வெளியே எடுத்துட்டுப் போய், பச்சைத் தண்ணியில பார்த்துச் செஞ்சிருப்பேன். அவ்வளவுதான்டா வித்தியாசம்."

அக்கா முகமூடியை வைத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, மறுபடியும் விலக்கினாள்.

"இனிமேலாவது யாருக்காவது ஒரு வேலை குடுத்தா, அதுல என்ன ஆபத்து இருக்குனு முதல்ல வாயைத் திறந்து சொல்லு. கூடப் பொறந்தவளா இருந்தாலும் சரி, கூலிக்கு வந்தவங்களா இருந்தாலும் சரி. தெரிஞ்சும் சொல்லாம விட்டா அது மறதி இல்லடா. நம்ம கையாலேயே அவங்களுக்கு விஷம் வெக்கறது."

அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.