பிள்ளைகள் எத்தனை

தையல் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று இருக்கும். தலையணை உறை தைக்க உட்கார்ந்தால் நிமிர மாட்டாள். புருஷன் வெளிநாட்டில் ஒரு குளிர்கிடங்கில் வேலை பார்க்கப் போய் நான்கு வருடம் ஆகிறது. இவள் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். மனைவியை அழைத்துக்கொள்ள அவன் போட்ட மனுவுக்குத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, மேஸ்திரி முதல் பொத்தான் தைப்பவள் வரை கூடம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் படிவம் நிரப்பித் தரும் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மாள் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, கேள்விகளைக் கடகடவென்று படித்தபடியே கணினியில் தட்டினாள்.

“பிள்ளைங்க எத்தனை? இருக்கறவங்க, இறந்தவங்க எல்லாரையும் போடணும்.”

“ஒண்ணு. பொண்ணு. பொறந்து ஒன்பது நாள்ல போயிட்டா.”

அம்மாளின் விரல் நின்றது. புருஷன் அனுப்பியிருந்த மனுவின் நகலைப் புரட்டினாள்.

“உன் வீட்டுக்காரர் இல்லைன்னு எழுதியிருக்காரேம்மா. ரெண்டு பேரும் வேற வேற மாதிரி சொன்னா கல்யாணமே பொய்யின்னு நெனச்சுடுவாங்க. எதுக்கும் அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு.”

கடை வாசலில் நின்றே கூப்பிட்டாள். அவனுக்கு அது சாப்பாட்டு நேரம்.

“இல்லைன்னே போட்டுடு,” என்றான்.

“எப்படிங்க இல்லைன்னு போடறது?”

“நான் போட்டாச்சு. இப்ப மாத்தினா மறுபடி முதல்லேருந்து வரணும். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஒன்பது நாளுக்காக...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அந்த ஒன்பது நாளும் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தது. பிரசவ அறுவைப் புண்ணில் சீழ் வைத்து இவளுக்குக் காய்ச்சல். சக்கர நாற்காலியில் இரண்டே முறை கொண்டுபோய்க் காட்டினார்கள். பெட்டியின் துளை வழியாக இவள் நீட்டிய விரலைக் குழந்தை ஒருமுறை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் மயக்கம் தெளிந்து பார்த்தபோது புருஷன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். “எல்லாம் முடிஞ்சுடுச்சு,” என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அவன் விமானம் ஏறிவிட்டான்.

ஊசி கடைக்குள் திரும்பிப் போய், “இல்லைன்னே போட்டுடுங்க,” என்றாள்.

நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது. அண்ணிதான் தயார் செய்தாள். தினமும் வேலை விட்டு வந்ததும் அண்ணனின் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்துவிடுவாள்.

“உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுப்பார்?”

“சுவத்துப் பக்கம்.”

“குறட்டை உண்டா?”

“அதையெல்லாமா அண்ணி கேப்பாங்க?”

“கேட்டா என்ன பண்ணுவ? தெரியாம முழிச்சா அவ்வளவுதான். உங்கண்ணன் குறட்டைக்குச் சாட்சி சொல்ல இந்தத் தெருவே கிளம்பி வரும்.”

அண்ணன் முறைக்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அண்ணி குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

“பிள்ளைங்க?”

“இல்ல.”

முதல் நாள் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். நாலாம் நாள் சற்றுத் தேவலை. பத்தாம் நாள் கொஞ்சமும் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்காணலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பெண் அதிகாரியும் மொழிபெயர்ப்பவரும் இருந்தார்கள். கல்யாணத் தேதி, புருஷனின் வேலை நேரம், அவன் அறையில் கூட இருப்பவர்கள் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள்.

“பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டார் மொழிபெயர்ப்பவர்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“இருந்தா. ஒரு பொண்ணு.”

அவர் படிவத்தைப் பார்த்தார். “இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?”

“தப்பா எழுதிட்டோங்க. ஒன்பது நாள் இருந்தா.”

அதிகாரி கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். குழந்தையின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். தவறாக எழுதியது ஏன் என்று புருஷன் கைப்பட எழுதித் தர வேண்டும். அதுவரை முடிவு சொல்ல முடியாது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

“சொல்லிட்டேங்க. எல்லாத்தையும் கெடுத்துட்டேன். நல்லா திட்டிடுங்க.”

அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அடக்கி அடக்கி வைத்தது பீறிட்ட மாதிரி ஒரு சத்தம். அவன் அழுகிறான் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை.

“சான்றிதழுக்கு ஆஸ்பத்திரியில போய்க் கேக்கணுமா?” என்றாள் மெல்ல.

“வேணாம். எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. உன் கண்ணுல படக்கூடாதுன்னு வரும்போதே எடுத்துட்டு வந்துட்டேன்.”

சற்று நேரத்தில் கைபேசிக்கு மூன்று படங்கள் வந்தன. இரண்டு சான்றிதழ்கள். மூன்றாவது ஒரு துண்டுச் சீட்டு. வரிசை ஏழு, எண் நாற்பத்தொன்று என்று இருந்தது.

“இது என்னங்க?”

“அவள வெச்ச எடம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “நான் மட்டுந்தான் போனேன். டாக்சியில மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். டிரைவர்கிட்ட கொழந்த தூங்குதுன்னு சொல்லிட்டேன். பாவம், பள்ளம் மேடு பாத்து மெதுவா ஓட்டினான்.”

அடுத்த விடுமுறை நாளில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். காவலாளி வயதானவர். பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“பெரியவங்கன்னா அப்படியே விட்டுடுவோம்மா. சின்னக் கொழந்தைங்க வரிசைக்கு மூணு வருஷந்தான். யாரும் வந்து எழுதிக் குடுக்கலைன்னா வேற கொழந்தைக்குக் குடுத்துடறது வழக்கம்.”

“எங்களுக்கு யாரும் சொல்லலையே!” என்று அண்ணி பாய்ந்தாள். “மனசுன்னு ஒண்ணு இல்லையா உங்களுக்கெல்லாம்?”

“விடுங்க அண்ணி. அவர் என்ன செய்வார்?” என்று ஊசி தடுத்தாள். பிறகு அவரிடம் கேட்டாள். “எங்க பொண்ண எடுத்துட்டீங்களாய்யா?”

“இல்லம்மா, எடுக்க மாட்டோம். அவ அங்கயேதான் இருக்கா. அவளுக்கு மேல இன்னொண்ணு.”

நாற்பத்தொன்றில் சுற்றிலும் நீலச் சாயம் அடித்த செங்கல் பதித்திருந்தது. வேறு யாரோ பெற்ற பிள்ளை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வண்டி. ஊசி மண்டியிட்டு அதன் மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கினாள். ஒரு சருகு விடாமல் பொறுக்கி முடித்தும் எழுந்திருக்கவில்லை. அண்ணிதான் தோளைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் புருஷன் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான். இவள் திருப்பிக் கூப்பிட்டாள்.

“பாத்தியா?”

“பாத்தேங்க.”

“எப்படி இருக்கு? புல்லு மண்டிக் கெடக்குமே?”

“இல்ல, சுத்தமா வெச்சிருக்காங்க. பக்கத்துல ஒரு மரம் இருக்கு. நெழலா இருக்கு.”

“மரமா? அப்ப இல்லையே,” என்றான். “வளந்திருக்கும் போல.”

“ஆமா,” என்றாள்.

அவன் கைப்பட எழுதிய கடிதமும் சான்றிதழ்களும் தூதரகத்துக்குப் போயின. பத்து வாரத்தில் அனுமதி வந்தது. தையல் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

அழுத நாளிலிருந்து அவனுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. எந்நேரமும் மகள் பேச்சுத்தான். அவளுக்கு இவளுடைய புருவமாம், அவனுடைய காதாம், கால் கட்டை விரல் மட்டும் யாருடையது என்றே தெரியவில்லையாம். அவன் இத்தனை பேசி இவள் கேட்டதே இல்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோதும் கூப்பிட்டான்.

“கேளு, எனக்கு மொத லீவு கெடச்சதும் ரெண்டு பேருமா வந்து அவளப் பாக்கலாம். சின்னதா ஒரு கல்லு வைக்கணும். அதுல என்ன எழுதலாம்னு நீ யோசிச்சு வை.”

மடித்த சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஊசி கட்டிலில் உட்கார்ந்தாள்.

“கேக்குதா?” என்றான்.

“கேக்குதுங்க,” என்றாள். “யோசிக்கிறேன்.”