பேச்சு முடியும்வரை தூங்காதே

பொங்கல் விழாவில் மலரக்காவை மேடையில் அந்தரிக்க விட்டது நான்தான். சிவமலர் என்பது முழுப்பெயர். லாசாலில் ஒரு கார்டறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். நாற்பத்தேழு வயதில் பரதம் பழகி அன்றுதான் முதன்முதலாக மேடை ஏறினார். அரைமண்டியில் நிற்கிறார். நான் லேப்டாப்பைத் தட்டுகிறேன், பாட்டு வரவில்லை. பன்னிரண்டு செக்கன் காத்திருந்துவிட்டுக் கும்பிட்டார், இறங்கிப் போய்விட்டார். இனி மேடைப்பக்கமே வரமாட்டேன் என்று வீட்டில் சொன்னாராம்.

பாட்டுகளும் பின்திரைப் படங்களும் வெளி ஹார்ட் டிரைவில் இருந்தன. என் பழைய லினக்ஸ் லேப்டாப்பில் அவ்வளவுக்கு இடமில்லை. டவுன்டவுனில் ஐந்து நாளும் ஊராரின் கணினியைத் திருத்துகிற எனக்கு இது மானப்பிரச்சினை. கேபிளை மாற்றினேன், டிரைவைத் திட்டினேன். ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லையே என்று மூன்று கிழமை மண்டையை உடைத்தபிறகுதான் பிடிபட்டது. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் டிரைவ் தூங்கிவிடும், தட்டினாலும் உடனே எழும்பாது. ஒத்திகையில் பாட்டுக்குப் பின் பாட்டு. விழாவில் நடுவில் எங்கள் சங்கத் தலைவர் இரவிச்சந்திரன் அண்ணையின் பேச்சு. அதைக் கேட்டுத் தூங்கியதற்காக டிரைவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூங்காதே என்று லினக்ஸில் கட்டளை கொடுத்தேன். டிரைவ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிமிடத்துக்கொருமுறை அதில் சின்னக் கோப்பு ஒன்றை எழுதவைத்தேன். அது லேப்டாப்பின் நினைவகத்திலேயே தங்கிவிட, டிரைவ் வழக்கம்போலத் தூங்கியது. எழுதியதை உடனே டிரைவுக்கு அனுப்பு என்று இன்னொரு வரி சேர்த்து, நாற்பது நிமிடம் சும்மா விட்டுப் பார்த்தேன். தட்டியதும் பாட்டு வந்தது.

உடனே மலரக்காவுக்கு அழைத்தேன்.

"இனி நிக்காது அக்கா. சித்திரை விழாவுக்கு ஆடுங்கோ."

"யோசிச்சுச் சொல்லுறன், தாட்சா."

இரண்டு நாள் கழித்து ஓம் என்றார்.

சித்திரை விழாவில் அண்ணை இருபத்தாறு நிமிடம் பேசினார். 'இறுதியாக' என்று மட்டும் நாலு தரம் சொன்னார். நான் டிரைவின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கொருமுறை சிமிட்டியது. மலரக்கா வந்து அரைமண்டியில் நின்றார். வேர்த்த விரலால் தட்டினேன். மிருதங்கம் கேட்டது, அவர் காலும் அதோடு சேர்ந்து விழுந்தது. ஒன்பது நிமிடமும் ஒரு தடங்கலும் இல்லை. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன்.

ஆடி முடித்து வேர்க்க விறுவிறுக்க என் மேசைக்கு வந்தார். குரல் கம்மிப்போயிருந்தது.

"தடிமனோ அக்கா?"

"தடிமன் இல்லை. பாட்டு நிண்டா நானே பாடி ஆடுவம் எண்டு ஒரு கிழமையாப் பாடிப் பழகினனான். உன்னை நான் நம்பேல்லை, தாட்சா. கோவியாதை."

எனக்குக் கோபமே வரவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.