மாற்றுக் கேபிள்

பெட்டியின் விளக்கு மறுபடியும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியதும், அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களெல்லாம் கீழ்த்தளத்திலிருந்த அந்த டிஸ்க் பெட்டிக்குள்தான் இருந்தன. டிஸ்க்குகளை மேய்க்கும் கண்ட்ரோலர் ஒரு டிஸ்க்கிடம் படத்தைக் கேட்கும். பதில் சிதைந்து வந்தால் திரும்பக் கேட்கும். அப்போதும் சரிவராவிட்டால் எல்லா டிஸ்க்கையும் வாய்மூடச் சொல்லிவிட்டு, இணைப்பையே அறுத்து மறுபடி தொடங்கும். அதுவும் பலிக்கவில்லையா, அந்த டிஸ்க் செத்ததென்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றிலிருந்து அதன் சரக்கைக் கணக்குப் போட்டுத் தேற்றும். இத்தனையும் முடியும்வரை மாடியில் டாக்டர்கள் படம் பார்க்கும் திரை விறைத்து நிற்கும்.

தினம் இந்த ரீசெட் கூத்து நடந்ததில் அவளுக்கு 'ரீசெட் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. பராமரிப்புக் கம்பெனியின் ஆள் அவள். செத்த டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகுவாள். மறுநாள் வேறொன்று சாகும். உருவியதைத் தனியே சோதித்தால் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். கோளாறு கண்ட்ரோலரிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிளில் என்று மேலாளரிடம் தொண்டை வற்றச் சொல்லியிருந்தாள்.

அவரும் மறுக்கவில்லை. "எனக்கும் தெரியும்மா, கேபிள்தான். டிஸ்க்னா கேட்டதும் அனுப்புறாங்க. கேபிளுக்கு மேலிடத்து ஒப்புதல் வரணும். அதுவரைக்கும் டிஸ்க்கையே மாத்திட்டு இரு."

ஃபோன் அடித்தது. மாடியில் கவுண்டரில் இருக்கும் பெண். ஒரு பஸ் டிரைவரின் மனைவியை ஆபரேஷனுக்குத் தயார்செய்து வெறும் வயிற்றோடு படுக்க வைத்திருக்கிறார்களாம். படம் பார்க்காமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டாராம்.

"அந்த டிரைவர் கத்துனாக்கூடப் பரவால்லக்கா. ஒண்ணும் பேசாம என் முன்னாடியே நிக்கிறாரு."

ரீசெட் அக்கா எழுந்து பழைய சாமான் அறைக்குப் போனாள். தூக்கிப்போட்டிருந்த பழைய பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் தூசி துடைத்தாள். யாரையும் கேட்கவில்லை. பெட்டியை நிறுத்தி, கேபிளை மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். விளக்குகள் பச்சையாகின. பிறகு மஞ்சள் தலைகாட்டவே இல்லை. டிரைவரின் மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றும், இன்றுதான் மனுஷி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றும் கவுண்டர் பெண் சொன்னபோது, ரீசெட் அக்காவுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். ஒப்புதல் இல்லாத பாகம் உள்ளே இருந்தால், நாளைக்கு எது நடந்தாலும் பெட்டி செய்தவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்றார். அவர் முகத்தில் கோபமில்லை; தூக்கமில்லாத அசதிதான் இருந்தது.

"முன்னாடி இருந்த கேபிளையே மாட்டிடும்மா."

"நல்லா ஓடிட்டிருக்கு சார்."

"அதான் பிரச்சினையே. நல்லா ஓடுனா புதுக் கேபிள் எதுக்குன்னு கேப்பாங்க."

"நான் மாட்டமாட்டேன்னா?"

"வேற ஆளு வந்து மாட்டுவாங்க. உன் வேலைதான் போகும்."

அவள் பெட்டியை நிறுத்தி, நன்றாக ஓடிய கேபிளைக் கழற்றினாள். பிறகு குனிந்து முந்தைய கேபிளையே மாட்டி ஓடவிட்டாள். அவள் நிமிர்வதற்குள் முதல் மஞ்சள் விளக்கு எரிந்தது.

கழற்றிய கேபிளை மேலாளர் வாங்கிப் பதமாகச் சுருட்டினார். பையிலிருந்து சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்து, அதில் 'பழுது' என்று எழுதி, கேபிளின் மேல் ஒட்டி, பிய்ந்து வராதபடி ஓரங்களைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.