'கூடாது' வரும்வரை

அவசரப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்த அந்த நர்ஸுக்குப் பேருந்துப் பணிமனையில் இருந்த பெயர் கணீர் அக்கா. மைக் இல்லாமலே கடைசி பஸ் வரைக்கும் எட்டும் குரல். ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவர் நடத்திய முதலுதவி வகுப்புகளை நிர்வாகம் ஒலிப்பதிவு செய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பியது. ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடியது. டீ குடிக்கிற நேரத்தில் யார் அதைக் கேட்பார்கள்? அலுவலகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் போட்டு ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கிவிட்டார்.

மறுவாரமே ஓர் ஓட்டுநர் போன் செய்தார்.

"அக்கா, வலிப்பு வந்தவங்க வாயில என்ன வைக்கணும்? துணியா, கரண்டியா?"

"எதையும் வைக்கக் கூடாதுப்பா! யார் அப்படிச் சொன்னது?"

"நீங்கதான்!"

ஓட்டுநர் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார். "வலிப்பு வந்தவங்க வாயில எதையாவது வைக்க" என்று கணீரென்று ஒலித்து அதோடு நின்றது. 'கூடாது' அடுத்த துண்டின் தலையில் அநாதையாகக் கிடந்தது.

நல்லவேளை, மனிதர் கேட்டார். கேட்காதவர்கள் எத்தனை பேரோ?

அக்கா நேராக வீட்டு மாடிக்கு ஏறினார். மாடியறையில் அவருடைய நாத்தனார் சவுண்ட் எடிட்டராக வேலை செய்துகொண்டிருந்தாள். வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளிகள், ஜன்னலுக்கு மெத்தை. "நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டு உட்கார்றதுக்குப் பேரு வேலையா?" என்று அண்ணியான அக்கா குத்திக்காட்டாத வாரம் கிடையாது. நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. அண்ணி கீழே போன் பேசினால், "போனே வேணாம் அண்ணி, மேல வரைக்கும் நல்லாவே கேக்குது" என்று குரல் கொடுப்பாள்.

அன்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "கடிகாரத்துக்கு என்ன தெரியும் அண்ணி? நம்ம பேச்சுல ஆமாவா இல்லையாங்கிறது கடைசியிலதானே வருது. வாங்க, உட்காருங்க."

அன்று முதல் சாயங்காலங்களில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். திரையில் தன் குரல் மலையும் மடுவுமாக ஓடியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாக்கியம் முடிந்தாலும் கை வைக்கவில்லை. சொல்ல வந்த விஷயம் முடிந்து, அண்ணி அடுத்ததற்கு மூச்சு இழுக்கும் இடம் வரை பொறுத்திருந்து, அந்த மூச்சுக்கு முன்னால் வெட்டினாள். ஒரு துண்டு ஒரு நிமிடம், இன்னொன்று எட்டு நிமிடம். 'ரத்தம் நிற்கவில்லை என்றால்', 'மயங்கி விழுந்தால்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள்.

"முக்கியமான விஷயம்னா அதுக்கு முன்னாடி ஒரு 'ம்ச்' போடுவீங்க, தெரியுமா?"

தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டுக்காரரே கவனிக்காததை இவள் பிடித்துவிட்டாளே என்று அண்ணிக்கு மலைப்பாக இருந்தது.

குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்ற பாடம் வந்தது. நடுவில் குரல் நின்றுபோனது. திரையில் வெறும் கோடு. அண்ணிக்கு எந்தக் குழந்தையை நினைத்து அன்று பேச்சு வராமல் போனது என்பது ஞாபகம் இருந்தது. காப்பாற்ற முடியாத குழந்தை அது.

"அதை எடுத்துடு, கண்ணு. சும்மா இழுக்குது."

நாத்தனார் தலையாட்டவில்லை. "மெஷின்கிட்ட விட்டா இங்கதான் வெட்டும். சத்தம் இல்லாத இடம்னு நினைச்சுக்கும். நான் வெட்ட மாட்டேன் அண்ணி. இதைக் கேட்டா எவனும் இந்தப் பாடத்தை மறக்க மாட்டான்."

அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

புதிய துண்டுகள் போன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நடத்துநர் வீடு தேடி வந்தார். ஓடும் பஸ்ஸில் ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு அடைத்ததாம். தாய் அலறியிருக்கிறாள். அவர் குழந்தையை முன்கையில் கவிழ்த்துப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டியிருக்கிறார். தொண்டையில் சிக்கியிருந்த பாசிமணி ஒன்று தெறித்து விழுந்ததாம்.

"குழந்தை அழுதுச்சு பாருங்க, எனக்கு உயிரே வந்துச்சு. உங்களாலதான் அக்கா."

கணீர் அக்கா எழுந்து மாடிப்படியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். தெருவே திரும்பியிருக்கும்.

"அடியே, கீழ வா! உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு!"