இரண்டாவது பூச்சு

குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் அப்பாஸ் ராவுத்தர் சொந்த வீட்டுக்குச் சுவரெழுப்பி ஓடும் வேய்ந்துவிட்டார். மாடித் தளத்துக்கு எந்தப் பலகை போடுவது என்பதில்தான் அவருக்கும் மனைவி நூர்ஜஹானுக்கும் ஒரு மாதமாக ஒத்துப்போகவில்லை. கேரளம் தனி ராஜ்யமான மறுவருஷம் அது.

மேலே ஒரு எஸ்டேட்டில் பழைய பங்களாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் தளப் பலகைகள், பாலீஷ் போட்டது போட்டபடி முகம் தெரியும் மினுக்கத்தோடு அடுக்கிக் கிடந்தன. வாங்கி வந்து ஆணியடித்தால் மூன்றாம் நாள் குடிபோகலாம் என்பது அப்பாஸின் கணக்கு. மகள் சௌதாவுக்கு எட்டாவது மாதம். தலைப்பிரசவத்துக்கு அவள் புதுவீட்டுக்குத்தான் வரவேண்டுமென்று அவருக்கு ஆசை.

நூர்ஜஹானும் போய்ப் பார்த்தாள். குந்தி உட்கார்ந்து இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்துத் தடவினாள். ஒன்று மற்றதைவிட ஒரு நூலளவு உயர்ந்திருந்தது. வேறொரு வீட்டு அறைக்கு அறுத்த பலகை. நம் அறைக்கு வெட்டினால் வெட்டுவாய் வெளுத்துத் தெரியும். மேடு பள்ளத்தை இழைத்தால் மினுக்கம் போய்விடும். அதற்குப் பதில் வெறும் தேக்குப் பலகையை வாங்கி, அடித்தபிறகு தளம் முழுவதையும் ஒன்றாக இழைத்து எண்ணெய் ஏற்றினால் ஒரே பாய் விரித்ததுபோல இருக்கும் என்றாள். நாளாகும் என்று அப்பாஸ் சொல்லிப் பார்த்தார். குழந்தை தவழப்போகிற தரை என்று அவள் சொன்னதும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆசாரி வந்து பலகையடித்து இழைத்து முடித்தார். எண்ணெய் ஏற்ற வண்டிப்பெரியாற்றிலிருந்து பாஸ்கல் வந்தார். எஸ்டேட் பங்களாக்களில் பாலீஷ் வேலை பார்த்துப் பழகியவர், அதிகம் பேசாதவர். ஆளிவிதை எண்ணெயைப் பழந்துணியில் தொட்டு, மண்டியிட்டபடியே பலகை பலகையாகத் தேய்த்துக்கொண்டு போவார். தேக்கின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதை நூர்ஜஹான் வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

இரண்டாவது பூச்சு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் முடிந்தது. பாஸ்கல் துணிகளையெல்லாம் வழக்கம்போல வேலியில் பிரித்துப் போட்டுவிட்டு, மேல்பூச்சுக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் வாங்க பஸ் ஏறிப் போனார். அன்று மாலை சௌதாவை அழைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. ரோட்டைப் பார்த்த வேலியில் நாற்பது ஐம்பது அழுக்குக் கந்தல் தொங்குவது நூர்ஜஹானுக்குக் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் சுருட்டி ஒரு சாக்கில் திணித்து, மாடி அறையின் மூலையில் வைத்தாள். எண்ணெய்த் துணி அடுப்புப் பற்றவைக்க ஆகுமே என்று ஒரு கூடை நிறைய வாடகை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டாள். தூசி படியாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஜும்மா முடிந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து இறங்கும் நேரம். நூர்ஜஹான் வாடகை வீட்டுப் பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு ராமுத்தாய் ஓடி வந்தவள் எதுவும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினாள். புதுவீட்டு ஓடுகளுக்கிடையிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

நூர்ஜஹான் ஓடினாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. உள்ளே அடுப்பேற்றவில்லை, கரண்டும் வரவில்லை, விளக்குகூட வைத்ததில்லை. அவசரத்தில் பூட்டில் சாவி நுழையவேயில்லை. யாரோ கதவை இடித்துத் திறந்தார்கள். தண்ணீர்க் குடங்கள் கைமாறிக் கைமாறி மேலே போயின. ஓடுகள் படார் படாரென்று வெடித்து விழுந்தன. ஒரு மணி நேரத்தில் தீ அடங்கிவிட்டது. மூலையில் ஒன்பது பலகைகளும் கீழே இரண்டு உத்தரங்களும் கரிந்து, கீழறை வரை ஓட்டை விழுந்திருந்தது. பூட்டிய வீட்டுக்குள் தீ எப்படி வந்தது என்று எல்லோரும் அவளைக் கேட்டார்கள்.

அப்பாஸ் பாஸ்கலைத் தேடிக் கிளம்பினார். பஜாருக்குப் போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். பாஸ்கல் ஸ்பிரிட் டின்னோடு இறங்கினார்.

நடந்ததை ராமுத்தாய்தான் வந்து சொன்னாள். அப்பாஸ் ராவுத்தர் பாஸ்கலை அறைந்துவிட்டாராம். ஒரே அறை, ஆள் டின்னோடு கீழே விழுந்துவிட்டாராம். நூர்ஜஹானுக்குத் தீயைப் பார்த்ததைவிட இது அதிர்ச்சியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யார்மீதும் கை வைத்து அவள் கண்டதில்லை.

"பீடியப் போட்டுட்டுப் போயிட்டியான்னு கேட்டிருக்காரு. அந்த ஆளு என்ன சொன்னாருங்கீங்க? துணிய எங்க வச்சீங்க, அது தன்னால பத்திக்கிட்டிருக்கும்னாராம். கூட்டமே சிரிச்சிருக்கு. அதுலதான் ராவுத்தருக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு" என்றாள் ராமுத்தாய்.

தன்னால் தீப்பிடிக்குமா? நூர்ஜஹானுக்கும் கோபம்தான் வந்தது. போலீஸ் வரும்வரை பாஸ்கலைக் கடை வாசலில் உட்காரவைத்திருப்பதாகக் கேட்டபோது, இருக்கட்டும் என்றே நினைத்தாள்.

கரி படிந்த கைகளைக் கழுவ வாடகை வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஏதோ வாடை அடித்தது. மாடியில் ஓட்டை விழுந்த இடத்தில் அடித்த அதே காரல். அடுப்பைப் பார்த்தாள், காலையில் அணைத்தது, சாம்பல் ஆறிக்கிடந்தது. அடுப்புக்கு எதிர்மூலையில், அவள் வைத்த இடத்தில், துணிக்கூடை இருந்தது. அதன் நடுவிலிருந்து நூல்போலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

அவள் கூடைக்குள் கையை விட்டாள். சுட்டது. கையை இழுத்தபோது துணிச் சுருணையும் கூடவே வந்து தரையில் விழுந்து பிரிந்தது. உள்ளே கருகிச் சிவந்திருந்த இடம் காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது.

யாரும் அந்த அறைக்குள் வரவில்லை. நெருப்பும் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது எரிந்தது. வேலியிலிருந்து எடுத்ததும், சுருட்டியதும், சாக்கில் அழுத்தித் திணித்ததும், ஜன்னலைச் சாத்தியதும் தன்னுடைய கைதான் என்று விளங்கியபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுட்ட விரல்கள் வலித்ததுகூடச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றித் தரையில் எரிந்ததை அணைத்தாள். கூடையில் மிச்சமிருந்த துணியை இடுக்கியால் அள்ளி ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் போட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புகைகிற சட்டியோடு பஜாருக்கு நடந்தாள். அந்த பஜாரில் அவள் தனியாக நடந்ததே இல்லை. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

பாஸ்கல் கடைப் பலகையில் ஒரு காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். நூர்ஜஹான் சட்டியைக் கூட்டத்தின் நடுவில் வைத்து இடுக்கியால் கிளறினாள். தீ எழுந்தது. முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"இதுல யாரும் நெருப்பு வைக்கலைங்க" என்றாள் அப்பாஸைப் பார்த்து. "கூடையில சும்மா கிடந்துச்சு. வேலியில கிடந்தத எடுத்துச் சுருட்டி மாடியில வச்சவ நான். அவரு சொன்னது நெசம். வீட்டக் கொளுத்துனது நாந்தேன்."

அப்பாஸ் சட்டியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

பாஸ்கல்தான் முதலில் பேசினார். "எண்ணெத் துணியச் சுருட்டிப் போட்டா உள்ளயே சூடு கட்டிப் பத்திக்கும்மா. அதுக்குத்தான் பிரிச்சுக் காயப்போடுறது. உங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு நெனச்சுட்டேன்."

அப்பாஸ் அவர் முன்னால் போய் நின்று கையைப் பிடித்தார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். பாஸ்கல் கையை விடுவித்துக்கொண்டு, அடித்தது எல்லோரும் பார்க்கத்தானே, இதையும் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிடுங்கள் என்றார். அப்பாஸ் திரும்பி, பஜார் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

போலீஸ் பேச்சும் நின்றது, அதோடு முடிந்தது என்றுதான் நூர்ஜஹான் நினைத்திருந்தாள். நாலாம் நாள் பாஸ்கலின் மனைவி செபமாலையம்மாள் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. அவருக்கு இடது காதில் சத்தமே விழவில்லை, ரத்தம் கசிகிறது, வெளியில் சொல்ல வேண்டாமென்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். நூர்ஜஹான் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு அப்பாஸைக் கூப்பிட ஆளனுப்பினாள். பலகை போனதற்கும் ஓடு போனதற்கும் இன்னொன்று வாங்கலாம்.

அன்றே அப்பாஸ் பாஸ்கலை அழைத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கி, அங்கிருந்து மதுரைக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறும், ஆனால் பழையபடி கேட்காது என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்த அப்பாஸ் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. நூர்ஜஹானும் அவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் மனசு லேசாகியிருக்குமோ என்னவோ.

சௌதாவுக்கு வாடகை வீட்டிலேயே பெண்குழந்தை பிறந்தது.

நாற்பது நாள் கழித்துத்தான் கரிந்த இடத்துக்குப் பலகை போடுகிற பேச்சு எழுந்தது. இனி எண்ணெயும் வேண்டாம், துணியும் வேண்டாம், பங்களாப் பலகை மிச்சமிருந்தால் அதையே வாங்கி அடித்துவிடுங்கள் என்றாள் நூர்ஜஹான். அப்பாஸ் வண்டிப்பெரியாறு போய் பாஸ்கலையே கேட்டார். பாஸ்கல் வந்து, தளத்தின் நடுவில் நின்று பார்த்தார்.

"ஒரே தளத்துல ரெண்டு மினுக்கம் சேராதும்மா" என்றார். "வெறும் தேக்கே போடுங்க. நானே வந்து எண்ணெ ஏத்தித் தாரேன்."

அவள் ஏதோ பதில் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தான் நிற்பது அவருடைய இடப்பக்கம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்று, "சரிங்க, அப்படியே செய்யுங்க" என்று மறுபடி சொன்னாள்.