பரிமளத்தின் விலாசம்

"கையை எடுத்துப்போடாதையும் பிள்ளை," என்றார் சிவகுரு.

மரியநாயகி எடுக்கவில்லை. நெடுந்தீவுத் துறையில் வள்ளம் ஏறியதிலிருந்து அந்தத் தாதிப் பெண் சரோஜினிதேவியின் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தபடியேதான் இருந்தாள். விடியப்புறம் ஆசுபத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு இரத்தம் நிற்கவில்லை. இருந்த இரண்டு ஊசியையும் போட்டாயிற்று. ஏற்றுவதற்கு இரத்தமில்லை, டொக்டரும் இல்லை. யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

சோளகக் காற்று வள்ளத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. சிவகுரு மகளின் தலையை மடியில் ஏந்தியிருந்தார். மருமகன் தில்லைநாதன் அவளுடைய கால்களை உயர்த்திப் பிடித்திருந்தான்.

டொக்டர் இங்கிலாந்துக்குப் போய் எட்டு மாதம். பிரியாவிடையில் அவருக்கு மாலை போட்டதே சிவகுருதான். அதற்கு முந்திய வருடம், அதே ஆசுபத்திரியில் தாதியாக இருந்த தன் இளைய மகள் பரிமளத்தையும் இங்கிலாந்துக்குத்தான் அனுப்பியிருந்தார். அவளுக்குப் போக மனமில்லை. "அக்காவுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு பாப்பம்" என்று இழுத்தாள். "இந்தத் தீவிலை கிடந்து என்னத்தைக் காணப்போறாய்?" என்று அதட்டி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கியவர் அவர். "என்ரை சின்னவள் லண்டனிலை" என்று அவர் நின்று சொல்லாத வேலிப் படலை ஊரில் இல்லை.

"அப்பா, குளிருது," என்றாள் சரோஜினிதேவி.

வெயில் சுட்டெரித்தது. சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

"பரிமளம் வந்திட்டாளே?"

"ஓம் பிள்ளை. இஞ்சைதான் இருக்கிறாள்."

அவளுடைய கண்கள் மெல்லத் திரும்பி மரியநாயகியிடம் நின்றன. "எடியே, கை நோகுமெல்லே. விடன்."

"நோகேல்லை அக்கா," என்றாள் மரியநாயகி.

அக்கரைக் குறிகாட்டுவான் துறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது மரியநாயகி கையை எடுத்தாள். சரோஜினிதேவியின் கண்களை மூடிவிட்டாள். வள்ளக்காரன் கதிர்காமு இயந்திரத்தைத் தணித்தான்.

"திருப்பட்டே அண்ணை?"

சிவகுரு தலையை மட்டும் அசைத்தார். நெடுந்தீவு வந்து சேரும்வரை தில்லைநாதன் அந்தக் கால்களைக் கீழே வைக்கவில்லை.

பரிமளத்துக்குத் தந்தி அடிக்கவேண்டியிருந்தது. "என்னெண்டு எழுத மாமா?" என்று தில்லைநாதன் கேட்டான்.

"காய்ச்சலிலை போனதெண்டு எழுதும்."

தில்லைநாதன் அதை அப்படியே ஒரு துண்டில் எழுதிக்கொண்டான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பின்னேரம் சுடலையிலிருந்து வந்து, குளித்த ஈரம் காயாமல் சிவகுரு முற்றத்துக் கதிரையில் இருந்தார். மரியநாயகி வீட்டுக்குள் குழந்தைக்கு மாப்பால் கரைக்கும் விதத்தைப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கியிருந்தன.

"ஐயா, கேக்கக்கூடாத நேரம்..."

"சொல்லும் பிள்ளை."

"பரிமளம் அக்கான்ரை விலாசம் வேணும். அங்கை ஆசுபத்திரியளுக்கு ஆள் எடுக்கினமாம். அவவிட்டைக் கேட்டு எழுதலாமெண்டு..." அவள் நிலத்தைப் பார்த்தாள். "நேற்று மாதிரி இன்னொருக்கா என்னாலை ஏலாது ஐயா."

ஆசுபத்திரியில் மிஞ்சியிருந்த ஒரே தாதி அவள். வேலிக்கு அப்பால் யாரோ ஒரு நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி, செத்தவீட்டுக்குள் வரக்கூடாதென்று, தெருவிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீரும் போனால்..." என்று தொடங்கினார் சிவகுரு.

மரியநாயகி கையில் கடதாசியும் பென்சிலுமாக நின்றாள்.

விலாசம் அவருக்கு மனப்பாடம். வீட்டு இலக்கம், தெரு, பட்டினம், தபால் குறியீடு என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். இங்கிலீசு எழுத்துகளைத் தனித்தனியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் எழுதி முடித்து நீட்டியதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கடைசி எழுத்து 'பி' இல்லைப் பிள்ளை, 'டி'. பிழைச்சால் போய்ச் சேராது."

அவள் குனிந்து, வெட்டித் திருத்தினாள்.