பால் தீர்ந்ததும் கிளம்புகிறேன்

தம்பி வீட்டுக்கு இரண்டு நாள் தங்க வந்த ஒருவன் திரும்பிப் போகவே இல்லை என்பதுதான் 'ரெண்டே நாள்' தொடரின் கதை. பதினோரு வருஷமாக அவனும் போகவில்லை, தொடரும் போகவில்லை. ஒன்பதாவது சீசனில் நாயைப் பேச வைத்தார்கள். பத்தாவதில் எல்லோரையும் ஹவாய்க்கு அனுப்பினார்கள். பதினொன்றில் எங்கிருந்தோ இரட்டைக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. கதை எழுதுகிறவர்களுக்கே வெட்கமாக இல்லாதபோது நமக்கென்ன வந்தது!

பர்பாங்க் நகரத்து ஸ்டூடியோவில் வெள்ளிக்கிழமைதோறும் இருநூறு பேரை உட்கார வைத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே அவர்கள் கொட்டாவி விடாமல் பார்த்துக்கொள்வது மர்ரே டாப்கினின் வேலை. மைக்கைப் பிடித்து நகைச்சுவை சொல்லுவார், மிட்டாய் வீசுவார், ஆடச் சொல்லுவார். அந்த சீசனில் ஜனங்கள் மர்ரேக்குத்தான் சிரித்தார்கள். காட்சி தொடங்கியதும் கம்மென்று ஆகிவிடுவார்கள்.

அந்தப் போகாத விருந்தாளியாக நடிக்கும் கதாநாயகன் லாயிட் கெஸ்லர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மர்ரே, நீ என்னைவிட சிரிப்பு காட்டக் கூடாது. புரியுதா?"

புரியாமல் என்ன? வேலை போகிறவர்களுக்கு அங்கே கடிதமெல்லாம் கிடையாது. வாசல் காவலாளியின் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். மர்ரேயின் மனைவி ரோசலினுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆக வேண்டும். இன்னும் ஆறு வாரம் வேலை செய்தால்தான் தொழிற்சங்கத்தின் மருத்துவக் காப்பீடு இந்த வருஷத்துக்குக் கிடைக்கும். பதினோரு வருஷம் சிரிக்க வைத்த மனிதர், சிரிக்க வைக்காமல் இருப்பது எப்படி என்று வீட்டில் மண்டையை உடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. இந்தத் தொடரின் நகைச்சுவையையே சொல்லிவிட்டால் லாயிட் எப்படிக் குறை சொல்ல முடியும்? இரண்டாவது சீசனிலிருந்து ஒன்றை எடுத்தார். "எப்போ கிளம்பறே?" என்று தம்பி மனைவி ஹேசல் கேட்கிறாள். "ஃப்ரிட்ஜ்ல இருக்கற பால் தீர்ந்ததும் கிளம்பிடறேன்" என்கிறான் தங்க வந்தவன். "நீ பாலே சேர்த்துக்க மாட்டியே!" என்கிறாள் அவள். "அதுக்கென்ன, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்கிறான்.

அரங்கம் அதிர்ந்தது. லாயிட் ஒப்பனை அறையிலிருந்து ஓடி வந்து மர்ரேயின் தோளில் கை போட்டார். பிரமாதம், இது யார் எழுதியது, அடுத்த வாரம் நான் சொல்லப்போகிறேன் என்றார். மர்ரே வாயைத் திறந்தார். தோளில் கிடந்த கை கனத்தது, ரோசலினின் முழங்கால் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். எழுத்தாளர்களாவது கண்டுபிடிப்பார்கள் என்று பார்த்தால் அவர்கள் எல்லோரும் ஒன்பதாவது சீசனில் வந்தவர்கள். அப்படியே எழுதி வைத்துக்கொண்டு புதுசாக இருக்கிறதே என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

பழைய எபிசோடுகள் தினமும் மாலை ஆறு மணிக்கு மறு ஒளிபரப்பாகும். நாடு முழுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் வேலையாக இருக்கிறவர்கள் மட்டும் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, இப்போது ஹேசலாக நடிக்கும் புதுப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள். லாயிட் ஃப்ரிட்ஜைத் திறந்து, "பால் தீர்ந்ததும்" என்று ஆரம்பித்தார். மிச்சத்தை இருநூறு பேரும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். ஹேசல் சொல்ல வேண்டியதையும் அவர்களே சொன்னார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். லாயிட் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒப்பனை அறைக்கு மர்ரே போனபோது லாயிட்டின் முகம் சிவந்திருந்தது. "போன வாரம் வந்தவங்களையே திரும்பக் கூட்டிட்டு வந்தியா? முன்னாடியே சொல்லிக் கொடுத்துட்டியா?"

எப்படியும் வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் மர்ரேக்கு உண்மை சுலபமாக வந்தது. "யாரும் சொல்லிக் கொடுக்கல, லாயிட். அது உங்க ஜோக்குதான். ரெண்டாவது சீசன்ல நீங்களே சொன்னது."

லாயிட் கண்ணாடியைப் பார்த்தபடி, சட்டையில் ஒப்பனை படாமலிருக்கக் கழுத்தில் செருகியிருந்த காகிதத்தை மெல்ல உருவினார்.

"அப்போ நான் நல்லா பண்ணினேனா?"

"எங்க வீட்டுல இன்னிக்கும் ரோசலின் விழுந்து விழுந்து சிரிக்கறா."

லாயிட் காகிதத்தைக் கசக்கிப் போட்டார். அது டிவியில் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க மர்ரேக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வாசலில் காவலாளி பட்டியலை நிதானமாகப் பார்த்தான், பெயர் இருந்தது. சரியாக ஆறு மணிக்கு லாயிட் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து தொலைக்காட்சிச் சத்தமும் அதற்கு மேல் லாயிட்டின் சிரிப்பும் கேட்டன. பதினோரு வருஷத்தில் அந்த ஆள் சிரித்து மர்ரே கேட்டதில்லை.

முதல் வரிசையில் ஒரு பெண்மணி கை தூக்கினாள். "எங்களுக்கும் அதைப் போட்டுக் காட்டுவீங்களா? இன்னிக்கு அதை விட்டுட்டுதான் இங்க வந்து உக்காந்திருக்கோம்."

தலைக்கு மேலிருந்த திரைகளில் பழைய எபிசோடைப் போடச் சொன்னார் மர்ரே. போட்டார்கள். இருநூறு பேரும் சுவருக்கு அந்தப் பக்கம் லாயிட்டும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மர்ரே மைக்கை அணைத்துவிட்டு ஒரு காலி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். காப்பீட்டுக்கு இன்னும் மூணு வாரம்தான்.